பட்டாளத்துச் சம்பளத்தில் பிள்ளைகளின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்லையில் நிற்கும் வீரர்களை ஜீவனாம்ச வழக்குப் போட்டு அலைக்கழிப்பது நியாயமா என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் 28 ஆண்டுகள் ராணுவத்தில் கிளார்க்காக வேலை பார்த்து, 2009-ல் சுபேதாராக ஓய்வு பெற்றவன். என் மகன் இப்போது ஹவில்தார். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர்கள் அம்மாவுக்கும் தர வேண்டிய பணத்தை அவன் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகத் தரவில்லை. அதை அவன் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதனால் அந்த வாசகருக்கு நான் பதில் எழுதாமல் இருக்க முடியாது.

வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்று பெயர் எடுத்த கம்மவான்பேட்டை எங்களுக்கு அதிக தூரமில்லை. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை மிலிட்டரி என்றால் யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், கேன்டீன், ஆஸ்பத்திரி, கடைசியில் பென்ஷன். என் மருமகளை 2011-ல் எங்கள் வீட்டுக்கு அனுப்பிய அவள் அப்பாவும் அதையெல்லாம் நம்பித்தான் அனுப்பினார். 2013-ல் பேத்தி பிறந்தாள், 2017-ல் பேரன். 2020-ல் மகனும் மருமகளும் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, அது அவர்கள் இருவருடைய விஷயம். பிள்ளைகளின் சாப்பாடும் பள்ளிக்கூடமும் அப்படியில்லை.

மருமகள் 2021-ல் வழக்குப் போட்டாள். 2022 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. அவளுக்கு 5,000, பிள்ளைகளுக்குத் தலைக்கு 3,500, ஆக மாதம் 12,000 ரூபாய். ஹவில்தாரின் அடிப்படைச் சம்பளமே 29,200-ல்தான் தொடங்குகிறது. அதன் மேல் 5,200 மிலிட்டரி சர்வீஸ் பே, அகவிலைப்படி எல்லாம் உண்டு. தர முடியாத தொகை இல்லை. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று மூன்று மாதம் அனுப்பினான். டிசம்பரில் நிறுத்திவிட்டான். கேட்டால் ‘அடுத்த மாசம்’ என்றான். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

மருமகள் தன் அம்மா வீட்டோடு இருந்துகொண்டு, ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலைக்குப் போனாள். மாதம் ஒன்பதாயிரம் சொச்சம். காலை ஏழு மணிக்கு கம்பெனி பஸ். பிள்ளைகளை வயதான பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவாள். அதற்கு நடுவில் லீவு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கும் அலைந்தாள். 2023 ஜூனில் பாக்கியை வசூலித்துத் தரச் சொல்லி மனு போட்டாள். வாரண்ட் போனது. ஆள் ஊரில் இல்லை என்று எழுதித் திரும்பி வந்தது. ஆள் எப்படி ஊரில் இருப்பான்? ஆயிரத்து எழுநூறு மைலுக்கு அப்பால் டியூட்டியில் இருக்கிறான். அந்த அக்டோபரில் அவன் லீவில் வந்த சமயம் பார்த்து வாரண்ட் போனபோது 30,000 கட்டினான். அதோடு சரி. வக்கீல் அடுத்ததாகச் சம்பளத்தை ஜப்தி செய்யக் கேட்டார். 2024 தொடக்கத்தில் ராணுவ அலுவலகத்திலிருந்து அதற்கும் பதில் வந்தது. ராணுவச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி சிப்பாயின் சம்பளத்தை நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது என்று நான்கு வரி.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிரிந்த பிறகு அவள் எங்கள் வாசற்படி ஏறியது அன்றைக்குத்தான். ‘மாமா, இதுல என்ன எழுதியிருக்குன்னு வக்கீல் சொன்னது எனக்குப் புரியல. பணம் வராதுன்னு மட்டும் புரிஞ்சது’ என்றாள். கூடவே இன்னொன்றையும் காட்டினாள். பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தில் தற்செயலாகத் தெரிய வந்த சங்கதி அது. இரண்டு பிள்ளைகளும் அங்கே படிப்பதாகச் சான்றிதழ் கேட்டு என் மகன் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறான். பள்ளி ஆபீசிலும் கொடுத்துவிட்டார்கள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அப்போது பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாய், இரண்டு பிள்ளைக்கும் வருஷத்துக்கு 54,000. 2024 ஜனவரியிலிருந்து அது பிள்ளைக்கு 2,812 ரூபாய் 50 காசாகவும் ஆகிவிட்டது. பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அரசாங்கத்திடம் பணம் வாங்கியிருக்கிறான். அந்தப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க ஒரு ரூபாய் அனுப்பவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் ஹெட் கிளார்க்காக இருந்த காலத்தில் என் மேஜைக்கும் இப்படிப்பட்ட கடிதங்கள் வரும். இன்லண்ட் லெட்டரில், நுணுக்கி நுணுக்கி, தமிழில், மலையாளத்தில், இந்தியில். ‘கமாண்டிங் ஆபீசர் ஐயா அவர்களுக்கு, என் கணவர் ஆறு மாதமாகப் பணம் அனுப்பவில்லை’ என்று ஆரம்பிக்கும். சிலதில் ஆர்மி நம்பர் இருக்காது, சிலதில் கையெழுத்தே இருக்காது. குடும்பச் சண்டை, லீவில் போனால் சரியாகிவிடும் என்று அவற்றை ஃபைலின் அடியில் வைத்திருக்கிறேன். அந்த ஆளைக் கூப்பிட்டு ‘வீட்டுக்குப் பணம் அனுப்புப்பா’ என்று சொல்லிவிட்டு, அதையே பெரிய உபகாரமாக நினைத்த நாட்களும் உண்டு. அந்தப் பெண்களுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அது என் தப்பு.

ஏனென்றால் வழி அப்போதும் இருந்தது. 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தில், சம்பளத்தை ஜப்தி செய்யக் கூடாது என்று சொல்லும் அதே சட்டத்தில், 91-ஆம் பிரிவு இருக்கிறது. மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்காக ஜவானின் சம்பளத்தில் பிடித்தம் செய்ய ராணுவத்தின் உயர் அதிகாரியே உத்தரவு போடலாம். ஆபீசர்களுக்கு இதையே 90-ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்படி கல்யாணம் செய்யாமல் பிறந்த பிள்ளைக்கும் இது உண்டு என்று சட்டம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மனைவிக்கு 22 சதவீதம், ஒவ்வொரு பிள்ளைக்கும் 5.5 சதவீதம், எல்லாம் சேர்ந்து 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ராணுவம் வைத்திருக்கும் அளவு.

28-ஆம் பிரிவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வட்டிக்குக் கொடுத்தவன் கோர்ட் ஆணையோடு வந்து சிப்பாயின் துப்பாக்கியையும் உடுப்பையும் சம்பளத்தையும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக வந்தது அது. அந்தப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் பெற்ற பிள்ளை வட்டிக்காரன் இல்லையே. ஒரு பள்ளி ஆசிரியரோ மின்வாரிய ஊழியரோ ஜீவனாம்சம் தராவிட்டால், அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மீதி வரைக்கும் நீதிமன்றம் ஜப்தி செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடமிருக்கிறது. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு மட்டும் அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஆகவே அவளுக்கென்று வைத்திருக்கும் 91 என்ற கதவு சரியாகத் திறக்க வேண்டும். அப்படி ஒரு கதவு இருப்பதையாவது யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கில் மூன்று வருஷம் யாரும் சொல்லவில்லை. வக்கீலுக்குத் தெரியவில்லை, கோர்ட் ஆபீசில் தெரியவில்லை. ஜப்தி முடியாது என்று பதில் எழுதிய அலுவலகத்துக்குக் கண்டிப்பாகத் தெரியும். ‘28-ன்படி முடியாது, 91-ன்படி கமாண்டிங் ஆபீசருக்கு விண்ணப்பிக்கவும்’ என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

2024 ஏப்ரலில் நானே உட்கார்ந்து எழுதினேன். கமாண்டிங் ஆபீசருக்கு ஒன்று, ஜவான்களின் சர்வீஸ் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு நகல். யூனிட் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறும், ஆளுக்குப் போஸ்டிங் வரும். ரெக்கார்ட் ஆபீஸ் மாறாது. அதனால்தான் நகல் அங்கே போக வேண்டும். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட் நான்கும் முதல் வரியிலேயே வேண்டும். நம்பர் தப்பாக இருந்தால் அந்தக் கடிதம் யாருக்கும் சொந்தமில்லாமல் சுற்றும். கல்யாணமும் பிள்ளை பிறந்ததும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது ஜவானின் குடும்ப விவரங்களை ராணுவம் பதிவு செய்யும் உத்தரவில், ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால்தான் ராணுவத்தின் கணக்கில் அவள் மனைவி, அவன் பிள்ளை. எங்கள் பேரன் பெயரில் ஒரு எழுத்து பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ரெக்கார்டில் ஒரு மாதிரி. அதைச் சரிசெய்யவே ஏழு வாரம் ஓடியது. கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகல், பாக்கிக் கணக்கு, மருமகளின் பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். ரசீதுகளை நோட்டில் ஒட்டச் சொன்னேன்.

மகனுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள், ஏன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று. மனைவி வேலைக்குப் போகிறாள், பிள்ளைகளை என்னிடம் காட்டுவதில்லை என்று பதில் எழுதியிருக்கிறான். பிள்ளைகளைப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு. அதற்குத் தனியாகக் கோர்ட்டில் கேட்கலாம், நானே கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சோற்றை நிறுத்திவிட்டு அந்த உரிமையைக் கேட்க முடியாது.

அன்றிரவு எனக்குப் போன் செய்தான். ‘அப்பா, நீங்களே எனக்கு எதிரா எழுதிக் கொடுத்தீங்களா?’ என்றான். ஆமாம் என்றேன். ‘என் சர்வீஸ்ல கறை விழுந்துரும்னு தெரியாதா உங்களுக்கு?’ என்றான். ‘கறை நீ நிறுத்தின மாசமே விழுந்துருச்சுப்பா’ என்றேன். வைத்துவிட்டான். என் மனைவி அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பெற்ற பிள்ளை மேலேயே புகார் எழுதிக் கொடுக்கிற அப்பன் உண்டா என்று அழுதாள். அவள் அழுகையில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவனும் பனியில் நிற்கிறவன்தான். அந்தக் குளிர் எனக்குத் தெரியும். நானும் நின்றிருக்கிறேன், அப்போதெல்லாம் மாதம் தவறாமல் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். என் மனைவி கூப்பன் பக்கத்தைக் கிழித்துப் பத்திரமாக வைத்திருப்பாள். அந்தக் கட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது.

விண்ணப்பம் பிரிகேடு, டிவிஷன் என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. உத்தரவு வர 11 மாதம் ஆனது. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 12,000 மருமகளின் கணக்கில் நேராக ஏறுகிறது. 33 சதவீதம் கேட்டிருந்தால் இதைவிடக் கூடக் கிடைத்திருக்கும். கோர்ட் சொன்னது போதும் மாமா என்றுவிட்டாள். நடுவில் விட்டுப்போன 28 மாதத்துக்கு 3,36,000. அவன் கட்டிய 30,000 போக 3,06,000 இன்னும் நிற்கிறது. அதற்குக் கோர்ட்டில் வாய்தா போய்க்கொண்டிருக்கிறது.

இந்தப் பாக்கி விஷயத்தில் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதப் பணமும் கெடு தவறிய ஒரு வருஷத்துக்குள் வாரண்ட் கேட்டு மனு போட்டுவிட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலும் அப்படித்தான், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவிலும் அப்படித்தான். ‘அடுத்த மாசம்’ என்ற பேச்சை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்த வழி அடைபட்டுப் போகும். போனாலும் கடன் கடன்தான், சிவில் வழக்காகவாவது வசூலிக்கலாம் என்று 2013-ல் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது இன்னும் நீண்ட பாதை. பணம் கட்டாதவனை ஜெயிலில் போட்டாலும் பாக்கி கழியாது என்பதும் உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்ட விஷயம்தான். ஆனால் எந்தப் பட்டாளத்துக்காரன் மனைவியும் ஜெயிலைக் கேட்பதில்லை. என் மருமகள் சொன்னாள்: ‘அவரு வேலை போயிட்டா எனக்கு என்ன லாபம் மாமா? வேலையில இருக்கட்டும், பிள்ளைங்க பங்கு மட்டும் வரட்டும்.’ சம்பளத்தில் பிடிப்பது அதனால்தான் எல்லோருக்கும் நல்லது. அவன் டியூட்டியில் இருப்பான், கோர்ட்டுக்கு வர லீவு எடுக்க வேண்டாம், அவளும் கம்பெனிக்கு லீவு போட வேண்டாம்.

வீரர்களை வழக்கால் அலைக்கழிக்கிறார்கள் என்று எழுதிய வாசகர் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். போர்முனையில் இருப்பவனுக்கு எதிராக அவன் இல்லாதபோது வழக்கு முடிந்துவிடாமல் இருக்க 1925-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. லீவில் வந்தவனின் வழக்கை அந்த லீவு நாட்களுக்குள் எடுத்து விசாரிக்க முன்னுரிமை தரச் சொல்லி ராணுவச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இருக்கிறது. சிவில் வழக்கில் சம்மனைக்கூட கமாண்டிங் ஆபீசர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். இதெல்லாம் சிப்பாய்க்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய மரியாதை. ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய நம்பரை மட்டும் விலாசமாக வைத்துக்கொண்டு, அந்த யூனிட் எந்த ஊரில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் நிற்கிறவளுக்கு எந்தப் பிரிவில் முன்னுரிமை இருக்கிறது?

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் இல்லை. பட்டாளத்தில் இருப்பவனுக்கு எதிராக ஜீவனாம்ச உத்தரவு போடும் நீதிமன்றம், அந்த உத்தரவின் ஒரு நகலை ஆர்மி நம்பரோடு ரெக்கார்ட் ஆபீசுக்குத் தானே அனுப்ப வேண்டும். அந்த நகலையே 91-ஆம் பிரிவு விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு யூனிட்டில் நடவடிக்கை தொடங்க வேண்டும். நீதிமன்றம் இரண்டு பக்கமும் கேட்டு, சம்பளக் கணக்கும் பார்த்துத்தானே உத்தரவு போடுகிறது? அதையே மறுபடி முதலிலிருந்து விசாரிக்க 11 மாதம் எதற்கு? கல்வி உதவித்தொகை விஷயத்திலும், அம்மாவிடம் பிள்ளைகள் இருப்பது கோர்ட் ஆவணத்தில் இருந்தால், அந்தப் பணம் அவள் கணக்குக்குப் போக வேண்டும். பிள்ளைக்குக் கட்டணம் கட்டுகிறவள் அவள்தான்.

ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஜவான்களின் மனைவிகள் இன்னும் சீக்கிரம் எழுத வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி வெளியே வந்துவிட்டால் கமாண்டிங் ஆபீசரின் பிடி போய்விடும். பென்ஷனை ஜப்தி செய்வதற்கும் 1871-ஆம் வருஷத்துப் பென்ஷன் சட்டம் குறுக்கே வரும். சர்வீசில் இருக்கும்போது எழுதுகிற ஒரு விண்ணப்பம், வெளியே வந்த பிறகு போடும் பத்து மனுவுக்குச் சமம். கடற்படை, விமானப்படைச் சட்டங்களிலும் இது மாதிரி வழி இருக்கிறது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். ஆனால் அங்கே போய் ‘91-ஆம் பிரிவு’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதோடு, எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் என்னைப் போல ஓய்வு பெற்ற கிளார்க்குகள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். விண்ணப்பம் எப்படி எழுத வேண்டும் என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை நான்கு பேர் வந்திருக்கிறார்கள். அதில் ஒரு அம்மா, கணவர் அனுப்பிய கடைசிக் கடிதத்தின் உறையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஆர்மி நம்பர் அதில்தான் இருந்தது.

பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அதனால் என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார்,
வேலூர் மாவட்டம்.